மிளகின் நிஜப் பெயர்

அத்தியாயம் 8

ஹெம்லாக் முனை முகாமில் பெரியவர்கள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. முகாமை நடத்தும் அம்மாள் ‘பருந்து’. படகுத் துறையைப் பார்த்துக்கொள்பவள் ‘நீர்நாய்’. சமையல்காரர் ‘உருளை’. கம்பத்திலும் கயிற்றிலும் பெண்பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற நம் சிக்ரிட்டின் பெயர் ‘மிளகு’. கோடை முழுக்க இப்படித்தான். நிஜப் பெயர் கடைசி நாள் கேம்ப் ஃபயரில்தான் வெளியே வரும். அதற்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டவளுக்கு உருளை தன் கையாலேயே ஐஸ்க்ரீமில் மலை கட்டித் தருவார். ஜெசிகாவா, மேகனா, ஆஷ்லியா, ப்ரிட்னியா என்று பிள்ளைகள் மிளகைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிளகு என்கிற பெயர் சிக்ரிட்டுக்கு விளையாட்டாக இல்லை, போர்வையாக இருந்தது. அதன் அடியில் தன் குடும்பப் பெயரை அவள் ஒளித்து வைத்திருந்தாள்.

முதல் நாள் பேருந்திலிருந்து இறங்கிய கூட்டத்தில் லினேயா என்று ஒருத்தி. பதினோரு வயது, மோவாயில் குழி. அவளுடைய தகரப் பெட்டியில் ‘டோர்சன்’ என்று பெரிதாகப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. அந்தக் குழியும் அந்தக் குடும்பப் பெயரும் சிக்ரிட்டுக்கும் உண்டு. சிக்ரிட்டுக்குப் பதினோரு வயதுகூட ஆகாதபோது அப்பா வேய்ன் ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனார். போன இடத்தில் பிறந்தவள்தான் லினேயா. ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பெரியவளைப் பார்க்க வந்தார். பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் வந்தார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்பது சிக்ரிட்டுக்குத் தெரியும். லினேயாவுக்கு அக்கா இருப்பது தெரியாது. முதல் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, “வீட்டுல நான் ஒருத்திதான்” என்று சொன்னவள் அவள்.

சொல்லிவிடலாம் என்று சிக்ரிட் எத்தனையோ தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். இந்தப் பிள்ளை அவளிடம் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டுவிட்டது. விஷயம் தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமோ என்று பயம். ஏற்கெனவே ஒரு டோர்சன் அவளை வேண்டாமென்று போயிருக்கிறார். இன்னொரு டோர்சனும் போனால் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்றைக்குக் குடும்ப நாள். அம்மா அப்பாக்கள் வருகிற நாள். வேய்ன் வருகிறார்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் பான்கேக் தட்டுகள் மேஜை மேஜையாகப் பறந்துகொண்டிருந்தன. ஜன்னலோர மேஜை ஒரு பாட்டை ஆரம்பிக்க, எதிர் மேஜை அதைவிடச் சத்தமாக வேறு பாட்டை எடுத்துவிட்டது. எல்லாரும் மேஜையைத் தட்டிய தட்டில் மேப்பிள் பாகுக் குப்பிகள் ஆடின. அந்த ரகளைக்கு நடுவில் லினேயா ஓடிவந்தாள்.

“மிளகு! இன்னிக்குக் குதிக்கப் போறேன்!”

“எங்க, ஏரியிலயா?”

“போ மிளகு! கம்பத்துலேருந்து!”

“நேத்தும் இதத்தான் சொன்ன. மேல போயி கம்பத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, ‘மிளகு, இறக்கு’ன்னு கத்தின.”

“நேத்து அப்பா இல்ல. இன்னிக்கு வராரு. அவரு பாக்கறப்ப குதிக்கணும்.”

அதே அறையில் படுக்கிற டகோட்டா வாயில் பான்கேக்கோடு திரும்பினாள். “இவ குதிச்சா நான் என் சாக்ஸத் திங்கறேன்.”

“எந்த சாக்ஸ்? இப்பப் போட்டிருக்கறதா? அது வந்த நாளா துவைக்காதது. தின்னா செத்துருவ” என்றாள் லினேயா.

“அதான் தைரியமா பந்தயம் கட்டறேன்.”

லினேயா அவளுக்குப் பழிப்புக் காட்டிவிட்டு சிக்ரிட்டிடம் குனிந்தாள். “நீதான் கயிறு பிடிக்கணும்.”

சிக்ரிட் தட்டைப் பார்த்தாள். “இன்னிக்கு நான் படகுத் துறையில இருக்கேன், லின்னி. நீர்நாய்தான் கம்பத்துல.”

முந்தின நாளே பருந்திடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்ட வேலை அது. படகுத் துறை கம்பத்திலிருந்து தள்ளி, மரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வேய்ன் வந்து, பார்த்து, போய்விடலாம். அவர் கண்ணில் சிக்ரிட் பட வேண்டியதே இல்லை.

லினேயாவின் முகம் சப்பென்று ஆகிவிட்டது. “அப்ப வேணாம்.”

“ஏன்? நீர்நாய் என்னவிட நல்லாப் பிடிப்பா.”

“பிடிப்பாங்க. ஆனா கயிறப் பிடிச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கறவங்களோட பேசுவாங்க, பாடுவாங்க. நீ பேச மாட்ட. நான் மேல இருக்கறப்ப நீ என்ன மட்டும்தான் பாப்ப.” அவள் தோளைக் குலுக்கினாள். “பரவால்ல. அடுத்த வருஷம் குதிக்கறேன்.”

பரவாயில்லை என்று சொல்கிற அந்தத் தோள் குலுக்கல் சிக்ரிட்டுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அப்படிக் குலுக்கியிருக்கிறாள், ஜன்னல் பக்கம் நின்று, வராத காருக்காக. எழுந்து நேரே பருந்தைத் தேடிப் போனாள்.

பருந்து கார் நிறுத்துமிடத்தில் வேலிக் கம்பத்துக்கு பலூன் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, விசில் இல்லாமல் வெளியே வரமாட்டாள்.

“திரும்பவும் கம்பத்துக்கே போறேன், பருந்து.”

“நேத்து கம்பம் வேணவே வேணாம்னு அழாத குறையாக் கேட்ட.”

“ஒரு பொண்ணு நான் பிடிச்சாத்தான் குதிப்பேங்கறா.”

“அந்த டோர்சன் பொண்ணா?” பருந்து பலூனை விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் நிஜப் பேர் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? முதல் நாள்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேக்கல, அவ்வளவுதான். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்கப்பா எதிர்ல நிக்கறப்ப உன் கை நடுங்குமா?”

“நடுங்காது.”

“நடுங்கினா?”

“அந்த நிமிஷமே கயிற நீர்நாய்கிட்டக் குடுத்துடறேன்.”

“சரி, போ. பலூன் ஒண்ணு பறந்து போச்சு உன்னால.”

*

துணிச்சல் வேறு, முன்னேற்பாடு வேறு. குடும்ப நாளில் பிள்ளைகளுக்கு முகத்தில் வண்ணம் தீட்ட ஒரு மேஜை போட்டிருந்தார்கள். சிக்ரிட் போய் நீர்நாய்க்கு எதிரே உட்கார்ந்தாள்.

“கன்னத்துல ஒரு பூ போடவா?” என்றாள் நீர்நாய்.

“முகம் பூரா வேணும். புலி.”

“அம்மா அப்பாவெல்லாம் கைகுடுக்க வருவாங்க, மிளகு. புலிக்கு எவன் கைகுடுப்பான்?”

“நீ போடு. மோவாய்ல கொஞ்சம் கெட்டியாப் போடு.”

நீர்நாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தூரிகை கிடைத்தால் போதும் அவளுக்கு. சற்று நேரத்தில் ஆரஞ்சும் கறுப்புமாக, மீசையோடு, ஒரு முரட்டுப் புலி எழுந்து நின்றது. தலையில் ஹெல்மெட்டும் ஏறியதும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்று சிக்ரிட் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

கம்பத்தைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. மடக்கு நாற்காலிகள், ஐஸ்பெட்டிகள், கொசு மருந்து வாசனை. புல்வெளிப் பக்கமிருந்து அடுப்பில் வாட்டுகிற ப்ராட்வர்ஸ்ட் சாசேஜின் புகை வந்து எல்லாருக்கும் பசியைக் கிளப்பியது. கம்பம் என்பது தந்திக் கம்பம்தான். ஏறுவதற்கு இரும்பு வளையங்கள் அடித்திருக்கும். உச்சியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மரவட்டு. அதன்மேல் எழுந்து நின்று, எதிரே அந்தரத்தில் தொங்குகிற மணியைத் தாவி அடிக்க வேண்டும். ஏறுவது பெரிய காரியமில்லை. கையால் பிடிக்க எதுவுமே இல்லாமல் அந்த வட்டின்மேல் நிமிர்ந்து நிற்பதுதான் காரியம்.

தரையில் போட்டிருந்த மஞ்சள் கயிற்றுக் கோட்டுக்குள் நின்று சிக்ரிட் பெற்றோரைப் பார்த்துச் சொன்னாள். “ஹெல்மெட் இல்லாம கோட்டுக்குள்ள வராதீங்க. அதவிட முக்கியம், கீழேருந்து யாரும் ‘குதி’ன்னு கத்தக் கூடாது. ‘இறங்கு’ன்னும் கத்தக் கூடாது. மேல இருக்கறவ சொல்றதுதான் இங்க சட்டம்.”

“எங்க வீட்டுலயும் அதே சட்டம்தாங்க!” என்றார் ஒரு தொந்திக்கார அப்பா, பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டி. கூட்டம் சிரித்தது.

ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சிலர் மணியை அடித்தார்கள், சிலர் பாதியில் இறங்கினார்கள். அந்தத் தொந்திக்காரரும் ஏறி, உச்சியில் தன் மகள் பெயரைக் கூவிக்கொண்டு தாவினார். எல்லாருக்கும் ஒரே கைதட்டல். லினேயா மட்டும் தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டாள். கண் பாதையிலேயே இருந்தது.

“வழியில அப்பாவுக்கு முன்னால படகு இழுத்துக்கிட்டுப் போற வண்டி ஏதாவது மாட்டியிருக்கும்” என்றாள், யாரும் கேட்காமலே.

புலிக்குள் இருந்த சிக்ரிட்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷர் மாறவே இல்லை. வராமல் இருந்தால் நல்லது என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டவள், இப்போது வந்து தொலையட்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

வரிசை தீர்ந்துவிட்டது. லினேயா ஒருத்திதான் பாக்கி.

“என்ன செய்யலாம், லின்னி?”

லினேயா பாதையைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினாள். “ஏறறேன். அவரு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். இது என் கம்பம்.”

சிக்ரிட்டுக்கு அவளை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. அடக்கிக்கொண்டு இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், கொக்கியை அழுத்திப் பார்த்தாள். டகோட்டாவும் இன்னும் இரண்டு பேரும் சிக்ரிட்டுக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்த நாலு வார்த்தைகள். அவற்றைச் சொல்லாமல் இங்கே யாருடைய காலும் தரையை விட்டு எழாது.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்.”

“ஏறறேன்.”

“ஏறு.”

லினேயா ஏறினாள். கயிறு உச்சிக்கு மேலேயுள்ள கப்பி வழியாக இறங்கி சிக்ரிட்டின் கைகளில் வழுக்கி வழுக்கி வந்தது. நேற்று நின்றுபோன இடத்தை அவள் நிற்காமலே கடந்தாள். உச்சி வட்டில் இரண்டு கையையும் வைத்தாள். ஒரு முழங்காலை ஏற்றினாள். கம்பம் நடுங்கியது. ஏறுகிறவளின் கால் நடுங்கினால் கம்பமும் நடுங்கும், கம்பம் நடுங்கினால் கால் இன்னும் நடுங்கும், அதுதான் அதன் பொல்லாத குணம்.

“மூச்ச விடு, லின்னி.”

“விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்!”

இன்னொரு பாதமும் ஏறியது. குந்தியபடி இருந்தாள். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, கைகளை விரித்துக்கொண்டு, லினேயா எழுந்து நின்றாள்.

நின்றாள்! சிக்ரிட்டின் மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. கோடை முழுக்க அவள் பார்த்த தாவல்களில் எதற்கும் இப்படி அடித்துக்கொண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு வண்டிக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. யாரோ சரளைக்கல்லில் ஓடி வந்தார்கள்.

“லின்னி! அதுதான் என் பொண்ணு! குதி கண்ணு! குதி!”

சிக்ரிட் திரும்பவில்லை. கண் மேலேயே இருந்தது. ஆனால் பழக்கம் விடுமா? வாய் தானாகக் கத்திவிட்டது. “கீழேருந்து குதின்னு சொல்லக் கூடாது! மேல இருக்கறவதான் சொல்லணும்!”

காலடிச் சத்தம் நின்றது. முகத்துக்குப் புலி வேஷம் போட்டவள் குரலுக்கு என்ன வேஷம் போட்டாள்? ஒன்றும் போடவில்லை.

“சிக்ரிட்?” என்றது அந்தக் குரல், சந்தேகமாக. பிறகு சந்தேகமே இல்லாமல், ஏரிக்கு அந்தக் கரையிலும் கேட்கிற மாதிரி, “சிக்ரிட்! நீயா?”

பிறகு தேன்கூட்டில் கல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. “சிக்ரிட்! மிளகோட பேரு சிக்ரிட்!” முகாமிலே இதைவிடப் பெரிய பாவம் கிடையாது, ஒருத்தியின் நிஜப் பெயரைப் பிள்ளைகள் முன்னால் போட்டு உடைப்பது. ஒரு மனுஷர் வந்த வேகத்தில் அதைச் செய்துவிட்டார்.

“ஐஸ்க்ரீம் எனக்கு! நான்தான் முதல்ல கேட்டேன்!” என்று டகோட்டா கயிற்றின் வாலை விட்டுவிட்டுக் குதித்தாள்.

“வால விடாத!” என்றாள் சிக்ரிட். டகோட்டா பாய்ந்து பிடித்தாள்.

சிக்ரிட்டின் வலது கை கயிற்றை இடுப்போடு பூட்டிப் பிடித்திருந்தது. அது நடுங்கவில்லை. மூடி மூடி வைத்திருந்தது இப்படியா வெளியே வர வேண்டும்? அதுவும் அந்தப் பிள்ளை பிடிமானம் இல்லாமல் உச்சியில் நிற்கும்போதா? அவளையும் அறியாமல் ஒரே ஒரு கணம் பார்வை பக்கவாட்டில் போய்வந்தது. நரைத்த தலை, கையில் தொப்பி, திறந்த வாய். அவர்தான்.

“லின்னி,” அவள் குரல் கரகரத்தது, “கீழ வரணும்னா சொல்லு. இறக்கிடறேன். ஒண்ணும் தப்பில்ல.”

“மிளகு! என்னப் பாரு!”

“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“பொய்! இப்ப அப்பாவப் பாத்த!”

சிக்ரிட் கண்ணை மறுபடி மேலே நிறுத்தினாள்.

“எனக்கு ஏற்கெனவே தெரியும்!” லினேயா கைகளை விரித்தபடியே கத்தினாள். கம்பம் ஆடியது, அவள் ஆடவில்லை. “முதல் வாரத்துலேருந்தே தெரியும் நீ யாருன்னு! இப்ப அழுது தொலைக்காத, பெயின்ட் கலையுது! கயிறப் பிடி ஒழுங்கா!”

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். புலியின் கன்னத்தில் உண்மையாகவே ஆரஞ்சு வழிந்துகொண்டிருந்தது.

“வீட்டுல நான் ஒருத்திதான்னு சொன்னியே!”

“ஆமா, ஒருத்திதானே? நீ எங்க வீட்டுலயா இருக்க?”

கோட்டுக்கு வெளியே நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள் சிக்ரிட்.

“அத இப்ப சொல்ல மாட்டேன்! சொன்னா நீ நேரா உன் வீட்டுக்குப் போயி சண்டை போடுவ!”

சிக்ரிட்டின் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவளுடைய அம்மா. வேய்ன் என்கிற பெயரை இத்தனை வருஷத்தில் வாயாலும் சொல்லாத அம்மா. அம்மாவா இந்தப் பிள்ளையை... சிக்ரிட் அந்த நினைப்பை அங்கேயே வெட்டிவிட்டாள். யோசிக்க இது நேரமில்லை.

மேலே லினேயா முழங்கால்களை லேசாக மடக்கினாள். மணியைப் பார்த்தாள். பிறகு இந்தக் கோடையில் எந்தப் பிள்ளையும் கேட்காத மாதிரி கேட்டாள்.

“பிடிச்சிருக்கியா, சிக்ரிட்?”

“பிடிச்சிருக்கேன்.”

“குதிக்கறேன்!”

“குதி!”

லினேயா பறந்தாள். ஆமாம், பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கை நீண்டு, வாய் திறந்து, ஒரு கால் ஷூ அவிழ்ந்து எங்கோ போய் விழ, அவள் மணியை ஓங்கி அடித்தாள். அது கணீரென்று அலறியது. மறுகணம் கயிறு விண்ணென்று இழுபட, சிக்ரிட்டின் கால்கள் தரையிலிருந்து எழும்பின. பின்னாலிருந்த மூன்று பிள்ளைகளும் வாலோடு சேர்ந்து முன்னால் இழுபட்டார்கள். பிடி நின்றது. லினேயா அந்தரத்தில் ஊஞ்சலாடிக்கொண்டு ஊளையிட்டாள். கீழே எல்லாரும் ஊளையிட்டார்கள். தொந்திக்காரர் தன் நாற்காலியின்மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

“சாக்ஸ்! டகோட்டா, சாக்ஸ்!” என்று மேலிருந்து சத்தம் வந்தது.

சிக்ரிட் சிரித்தாள், அழுதாள், கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அவளை இறக்கினாள். பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே அந்தப் பிள்ளை பாய்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. புலியில் பாதி லினேயாவின் கன்னத்துக்குப் போய்விட்டது.

“கோவமா என்மேல? சொல்லாததுக்கு?” என்று அவள் காதில் கேட்டாள் சிக்ரிட்.

“கொஞ்சூண்டு. நீயா சொல்லுவன்னு தெனமும் காத்துக்கிட்டிருந்தேன். உன்னப் பாத்தாலே தெரியுது, வாயத் திறக்கற, மூடற, மீன் மாதிரி.”

கோட்டுப் பக்கம் சரளைக்கல் நெரிபட்டது. வேய்ன் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

“கோட்டுக்கு வெளியிலயே நில்லுங்க, சார்” என்றாள் சிக்ரிட். “ஹெல்மெட் இல்லாம உள்ள வரக் கூடாது.”

இத்தனை வருஷத்துக்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். வேய்ன் காலை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பிசைந்தார்.

“நீ இங்க இருக்கன்னு எனக்குத் தெரியாது, சிக்ரிட்.”

“நான் எங்க இருக்கேன்னு நீங்க எப்பக் கேட்டீங்க?”

கூட்டத்தில் பெரியவர்கள் திடீரென்று மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது, கண் கொட்டாமல் பார்த்தார்கள். லினேயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, நீயும் ஏறு.”

“நானா? எனக்கு முட்டி சரியில்ல, கண்ணு.”

“அந்த அங்கிள் அவ்வளவு தொப்பைய வெச்சுக்கிட்டு ஏறினாரு. உனக்கு என்ன?”

“அது இல்ல லின்னி.” அவர் குரலைத் தாழ்த்தினார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “அவ எனக்குக் கயிறு பிடிக்க மாட்டா.”

“கேட்டுப் பாத்தியா? கேக்கறதுக்குன்னே இங்க வார்த்தை இருக்கு. கேட்டாத்தான் பதில் வரும்.”

பதினோரு வயசுக்கு அந்தப் பிள்ளைக்கு வாய் அதிகம். ஆனால் சொன்னதில் பிழையில்லை. வேய்ன் நீர்நாய் நீட்டிய ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

கயிற்றை நீர்நாயிடம் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். பருந்தே அந்தப் பக்கம் நின்று, கொடுக்கிறாயா என்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டாள். சிக்ரிட் கையைப் பார்த்தாள். நடுங்கவில்லை. கொடுக்கவில்லை.

அவள் குனிந்து அவருக்குப் பட்டையை மாட்டினாள். அவரிடம் அதே புதினா மிட்டாய் வாசனை.

“பட்டை இறுக்கமா இருக்கா, சார்?”

“சார்னு கூப்பிடாத.”

“விருந்தாளிங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.”

வேய்ன் கம்பத்தின் எதிரே போய் நின்றார். முதல் வளையத்தைப் பிடித்தார். “போகலாமா?” என்றார்.

“தப்பு!” என்றது பிள்ளைகள் கூட்டம் ஒரே குரலில்.

“ரெடியா?”

“தப்பு!”

அவர் திரும்பினார். கலைந்த வண்ணத்துக்கு நடுவே அவளுடைய மோவாய்க் குழி தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு கேட்டார். “என்னப் பிடிச்சிருக்கியா, சிக்ரிட்?”

“‘என்ன’ கிடையாது!” என்று டகோட்டா திருத்தினாள். “வெறும் ‘பிடிச்சிருக்கியா’ மட்டும்தான்!”

“பிடிச்சிருக்கியா?”

அவர் வந்து நிற்பார் என்று காத்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் சிக்ரிட்டின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தன. அவை அத்தனைக்கும் அவள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒற்றை ஷூவோடு லினேயா, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிற்றின் வாலை இப்போது அவளும் பிடித்திருந்தாள்.

“பிடிச்சிருக்கேன்” என்றாள் சிக்ரிட்.

“ஏறறேன்.”

“ஏறுங்க.”

வேய்ன் ஏறினார். முட்டி சரியில்லை என்றது பொய்யில்லை, ஒவ்வொரு வளையத்துக்கும் முனகினார். பாதிக் கம்பம் போனதும் நின்றுவிட்டார். கம்பத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அங்கிருந்து கீழே பார்த்த முகம் வெளுத்திருந்தது.

“சிக்ரிட்... நான் கனமா இருப்பேன். உன்னால தாங்க முடியுமா?”

சிக்ரிட் கயிற்றை இன்னும் ஒரு பிடி இழுத்து இடுப்போடு பூட்டினாள். இரண்டு காலையும் அகட்டி ஊன்றினாள்.

“நீ ஏறுப்பா” என்றாள். “பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்கு இல்ல.”

மேலே வேய்ன் கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. பிறகு கையை நீட்டி அடுத்த வளையத்தைப் பிடித்தார்.